2147483647: ஓர் எண்ணின் இரண்டு பிறவிகள்

2147483647. நம் வழக்கப்படி காற்புள்ளி போட்டால் 2,14,74,83,647. வாய்விட்டுப் படித்தால் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. மேலோட்டமாகப் பார்த்தால் யாருடைய செல்போன் எண்ணோ மாதிரிதான் இருக்கிறது. ஆனால் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவர்களில் பலர் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். எண் கோட்பாட்டில் ஊறியவர்களுக்கும் இது பழைய சிநேகிதம். வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு கூட்டமும் இதைத் தெரிந்துகொண்ட வழி வேறு வேறு. ஒரு கூட்டத்துக்கு இது 18ஆம் நூற்றாண்டில் சுவிஸ் கணித மேதை ஆய்லர் பகா எண் என்று நிரூபித்துக் காட்டிய எண். இன்னொரு கூட்டத்துக்கு, கணக்கு திடீரென்று மைனஸில் போய் விழுகிற விளிம்பு.

சதுரங்கப் பலகைக் கதை எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். 31 கட்டம் வரை வைத்துவிட்டு நிறுத்தி, அதுவரை வைத்த நெல்லையெல்லாம் எண்ணினால் சரியாக 2147483647 மணிகள் இருக்கும். 32ஆவது கட்டத்துக்கு மட்டும் 2147483648 வேண்டும். இரட்டிப்பில் எப்போதும் இப்படித்தான்: அதுவரை வைத்ததன் கூட்டுத்தொகை, அடுத்து வைக்க வேண்டியதைவிட ஒன்று குறைவாக வரும். ஆக நம் எண்ணின் சுருக்கமான பெயர் 2³¹ − 1. பைனரியில், அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்து எழுதினால், வரிசையாக 31 ஒன்றுகள். வேறு எதுவும் கிடையாது. இந்த எண்ணைப் பற்றிச் சொல்லத்தக்க எல்லாமே இந்த 31 ஒன்றுகளிலிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்த எண்கள்மேல் கணிதக்காரர்களுக்கு மோகம் வந்தது பழங்காலக் கிரேக்கக் கணிதர் யூக்ளிட் காலத்தில். காரணம் நிறைவெண்கள். 6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தன்னைத் தவிர அதை மீதியின்றி வகுப்பவை 1, 2, 3. கூட்டினால் மறுபடி 6. 28க்கு 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. இந்த மாதிரி எண்கள் மிக அரிது. இரண்டின் ஓர் அடுக்கில் ஒன்று குறைத்து வரும் எண் பகா எண்ணாக அமைந்தால், அதை முந்தைய அடுக்கால் பெருக்கும்போது நிறைவெண் கிடைக்கும் என்று யூக்ளிட் நிரூபித்து வைத்தார். 3ஐ 2ஆல் பெருக்கினால் 6, 7ஐ 4ஆல் பெருக்கினால் 28, 31ஐ 16ஆல் பெருக்கினால் 496, 127ஐ 64ஆல் பெருக்கினால் 8128. அப்புறம் என்ன, அடுத்தது எங்கே என்ற தேடல் தொடங்கிவிட்டது.

தேடலில் பாதி வேலையைச் சுலபமாகக் கழித்துவிடலாம். ஆறு ஒன்றுகள் உள்ள பைனரி எண்ணை (அது நம் 63) மூன்று மூன்றாகப் பிரித்தால், ஒரே துண்டு இரண்டு முறை வருவது கண்ணுக்கே தெரியும். எனவே மூன்று ஒன்றுகளாலான 7, அதை வகுத்துவிடும்: 63 = 7 × 9. ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சம கூறுகளாகப் பிரிக்க முடிந்தால் எண்ணும் உடையும் என்பதுதான் விதி. ஆகவே அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும். 31 பகா எண், அதனால் முதல் வாசலைத் தாண்டியாயிற்று. ஆனால் அது மட்டும் போதாது. 11ம் பகா எண்தான்; ஆனால் 2¹¹ − 1 = 2047 என்பது 23 × 89 என்று உடைகிறது. பகா அடுக்கு இருந்தாலே போதும் என்று பழைய காலத்தில் பலர் நம்பி ஏமாந்ததற்கு இந்த 2047தான் பதில்.

இத்தாலியில் பியத்ரோ கட்டால்டி 1588இல் 17, 19 இரண்டு அடுக்குகளையும் சரியாக முடித்தார். 2¹⁹ − 1 என்பது 524287. வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது அவர் முறை. உழைப்புதான், ஆனால் நேர்மையான உழைப்பு. அங்கே நிறுத்தியிருக்கலாம். 23, 29, 31, 37 அடுக்குகளும் பகா எண் தரும் என்று அவர் சேர்த்துச் சொல்லிவிட்டார். 1640இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா, 2²³ − 1ஐ 47 வகுக்கிறது, 2³⁷ − 1ஐ 223 வகுக்கிறது என்று காட்டினார். 1738இல் ஆய்லர், 2²⁹ − 1ஐ 233 வகுக்கிறது என்று காட்டினார். நாலில் மூன்று போயின. மிஞ்சியது 31 மட்டும்.

இதற்கிடையே 1644இல் மரின் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஒரு பட்டியல் போட்டார்: 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 மட்டுமே பகா எண் தரும் என்று. இந்த வகை எண்களுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். இத்தனைக்கும் பட்டியலில் ஐந்து தப்பு. 67ம் 257ம் இருந்திருக்கக் கூடாது. 61, 89, 107 விடுபட்டுப்போயின. 67ஐப் பொய்யாக்கும் காரணிகளை 1903இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார். ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார் என்பது கணித உலகத்தின் பிரபலமான கதை. பட்டியலின் பின்பகுதியை மெர்சென் எப்படிக் கணக்கிட்டிருக்க முடியும் என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. 31ஐப் பொறுத்தவரை கட்டால்டி, மெர்சென் இருவர் சொன்னதும் சரியாகவே அமைந்தது. ஆனால் சரியாகச் சொல்வது வேறு, நிரூபிப்பது வேறு.

நிரூபிக்க என்ன செய்ய வேண்டும்? 2147483647இன் வர்க்கமூலம் 46340 சொச்சம். அந்த எல்லைக்குள் 4,792 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் பத்து இலக்க எண்ணை வகுத்துப் பார்த்து, எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை என்று காட்ட வேண்டும். கையால் போட்டால் மாதக்கணக்கில் ஆகும். நடுவில் ஒரு வகுத்தல் தப்பினாலும் மொத்தமும் வீண். ஆய்லர் இந்த 4,792ஐ எண்பது சொச்சமாகக் குறைத்தார். குறைத்த விதம்தான் இந்தக் கதையிலேயே அழகான பகுதி, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2147483647ஐ ஏதோ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ‘ப’ என்று பெயர். இப்போது 1ஐ எடுத்து இரட்டித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் ‘ப’வால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2³¹ என்பது நம் எண்ணைவிட ஒன்று கூடுதல். நம் எண்ணை ‘ப’ வகுத்துவிடுவதால், 31ஆவது படியில் மீதி மறுபடி 1 ஆகிவிடும். அதாவது மீதிகள் ஒரு வட்டத்தில் சுற்றுகின்றன, சுற்று 31 படியில் முடிகிறது. அதற்கு முன்பே சுற்று முடிந்திருக்கலாம் அல்லவா என்றால், அந்தச் சிறிய சுற்றின் நீளம் 31ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண் ஆயிற்றே, 1ஐத் தவிர வேறு வழியில்லை. 1 என்பதும் நடக்காது. ஆக நீளம் சரியாக 31. இன்னொரு பக்கம், எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணுக்கும் அதில் ஒன்று குறைந்த படிகளில் சுற்று எப்படியும் 1க்குத் திரும்பும் என்பது ஃபெர்மாவின் புகழ்பெற்ற தேற்றம். ஆக ‘ப’வில் ஒன்றைக் கழித்தால் வருவது 31இன் மடங்கு. அது இரட்டைப்படை எண்ணும்கூட. எனவே 62இன் மடங்கு. அதாவது ‘ப’ என்பது 62இன் ஏதோ ஒரு மடங்கோடு ஒன்றைக் கூட்டியது. முக்கால்வாசிக்கும் மேலான பகா எண்கள் இந்த ஒரே வரியில் கழிந்துவிட்டன.

இரண்டாவது சல்லடை இன்னும் நுட்பமானது. 2³¹ஐ ‘ப’வால் வகுத்தால் மீதி 1 என்றால், 2³²ஐ வகுத்தால் மீதி 2. ஆனால் 2³² என்பது 65536இன் வர்க்கம். ஆக ‘ப’வால் வகுக்கும்போது மீதி 2 வருகிற வர்க்க எண் ஒன்று இருக்கிறது. எல்லாப் பகா எண்ணுக்கும் இது வாய்க்காது. 7க்கு உண்டு: 9ஐ வகுத்தால் மீதி 2. 17க்கு உண்டு, 36ஐ வைத்து. 23க்கு 25ஐ வைத்து. 3, 5, 11, 13 ஆகியவற்றுக்கு எத்தனை வர்க்கத்தைத் தேடினாலும் கிடைக்காது. 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தருகிற பகா எண்களுக்கு மட்டுமே இந்தப் பாக்கியம். இரண்டு சல்லடையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், ‘ப’ என்பது 248இன் மடங்கோடு 1ஐக் கூட்டியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 63ஐக் கூட்டியதாக இருக்க வேண்டும். 46340க்குள் அப்படிப்பட்ட எண்களே முந்நூற்று எழுபது சொச்சம்தான். அவற்றிலும் பகா எண்களை மட்டும் எடுத்தால் எண்பது சொச்சம்.

முதல் மூன்றை நீங்களே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். 311ஆல் வகுத்தால் மீதி 35. 1303ஆல் வகுத்தால் மீதி 226. 1489ஆல் வகுத்தால் 199. இப்படியே கடைசி வரை போக வேண்டும், எதிலும் மீதி பூஜ்யம் வராது. 46339 வரை எல்லாவற்றையும் சோதித்துவிட்டதாக ஆய்லர் சக கணிதரான பெர்னூலிக்கு எழுதிய கடிதம் பெர்லின் அகாடமியின் 1772ஆம் ஆண்டுத் தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. அப்போது அவர் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். ஒரு கண் பார்வை பல ஆண்டுகளுக்கு முன்பே போயிருந்தது, இன்னொன்றும் ஏறக்குறைய இருண்டுவிட்டது. 1771இல் நகரத்தில் பிடித்த பெருந்தீயில் வீடும் எரிந்திருந்தது. அந்த நிலையில் உட்கார்ந்து இந்த எண்ணைத் துருவியிருக்கிறார் மனிதர். அதற்கு முன்பு தெரிந்திருந்த மிகப் பெரிய பகா எண் 6700417. அதையும் கண்டவர் அவர்தான், நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு. தன் சாதனையைத் தானே முறியடித்தார் என்று சொல்ல வேண்டும்.

இதனால் எட்டாவது நிறைவெண்ணும் கைக்கு வந்தது. 2147483647ஐ 2³⁰ஆல் பெருக்கினால் 2305843008139952128. பத்தொன்பது இலக்கம். 1811இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர் எண் கோட்பாடு பற்றி ஒரு நூல் எழுதினார். அதில், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை, ஏனென்றால் இவையெல்லாம் வெறும் வேடிக்கைப் பொருள், ஒரு பிரயோஜனமும் கிடையாது, யார் மெனக்கெடுவார்கள் என்ற பொருளில் எழுதிவைத்தார். பாவம் பார்லோ. வர்க்கம், கனம், வர்க்கமூலம் எல்லாம் அச்சிட்ட அவருடைய அட்டவணைகள் கால்குலேட்டர் வரும் வரை பொறியாளர்களின் மேஜையில் கிடந்தன. ஆனால் மனிதர் இன்றைக்கு நினைக்கப்படுவது பெரும்பாலும் இந்தத் தப்பான ஆரூடத்துக்காகத்தான். 2147483647 முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆகப்பெரிய பகா எண்ணாகச் சிம்மாசனத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், அந்தக் காலத்துக்கு அது நீண்ட ஆட்சி. 1876இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா 39 இலக்கமுள்ள 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். இப்போதைய சாதனை 2024இல் கண்டறியப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. அதற்கு 4,10,24,320 இலக்கங்கள்.

லூக்கா தொடங்கி 1930இல் டெரிக் லேமர் செப்பனிட்ட சோதனை முறையைப் பார்த்தால் ஆய்லருக்கே வியப்பாக இருந்திருக்கும். காரணி எதையும் தேடவே வேண்டாம். 4இல் தொடங்கு, வர்க்கப்படுத்து, 2ஐக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வை, மறுபடி அதையே செய். 31 என்ற எண்ணுக்குச் செய்து பார்ப்போம். அது 2⁵ − 1. 4இன் வர்க்கம் 16, இரண்டு போக 14. 14இன் வர்க்கம் 196, இரண்டு போக 194, 31ஆல் வகுத்தால் மீதி 8. 8இன் வர்க்கம் 64, இரண்டு போக 62, மீதி 0. அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில், இங்கே மூன்றே படியில், பூஜ்யம் வந்துவிட்டது. ஆக 31 பகா எண். 2147483647க்கு இதே மாதிரி 29 படி போதும். எண்பது சொச்சம் வகுத்தலுக்குப் பதில் 29 வர்க்கம். இன்றைய சாதனை எண்களைத் தேடும் திட்டங்களும் இந்தச் சோதனையையும் இதை ஒத்த சோதனைகளையும் நம்பித்தான் ஓடுகின்றன.

இந்த எண்ணுக்கு ஒரு வம்சமும் உண்டு. 5 பகா எண்; 2⁵ − 1 = 31 பகா எண்; 2³¹ − 1ம் பகா எண். அடுக்கின் இடத்தில் இருப்பதும் இதே இனத்தைச் சேர்ந்த பகா எண் என்பதால் இவற்றை இரட்டை மெர்சென் எண்கள் என்பார்கள். இதுவரை தெரிந்த இரட்டை மெர்சென் பகா எண்கள் நான்கே நான்கு: 7, 127, நம் 2147483647, அப்புறம் லூக்காவின் 39 இலக்க எண். சரி, இன்னும் ஒரு தலைமுறை ஏறினால் என்ன? இரண்டை 2147483647 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருகிற எண், 64 கோடிக்கும் மேல் இலக்கம் உள்ள பூதம். அதுவும் பகா எண்ணாக இருந்தால் கதை பிரமாதமாக இருக்கும். இல்லை. 295257526626031 அதை வகுத்துவிடுகிறது, 1983இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 64 கோடி இலக்க எண்ணுக்கு 15 இலக்கக் காரணியை எப்படித் தேடிப் பிடித்தார்கள் என்றால், ஆய்லர் போட்ட அதே சல்லடைதான். அந்தக் காரணியில் ஒன்றைக் கழித்தால் 2147483647இன் மடங்கு வரும்: 137490 மடங்கு.

இனி இரண்டாவது பிறவி. 1964இல் ஐபிஎம் வெளியிட்ட சிஸ்டம்/360 வரிசைக் கம்ப்யூட்டர்கள் ஓர் எண்ணை 32 பிட்டில் வைத்தன. பிட் என்பது 0 அல்லது 1 இருக்கக்கூடிய ஓர் அறை. 32 அறையில் முதல் அறை, எண் மைனஸா இல்லையா என்பதைச் சொல்லப் போய்விடும். மிஞ்சியது 31. அத்தனையிலும் ஒன்றை நிரப்பினால் அதுதான் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண்: 2147483647. அதில் இன்னும் ஒன்றைக் கூட்டினால்? பழைய ஸ்கூட்டர் மீட்டரில் 99999க்குப் பிறகு எல்லாம் பூஜ்யமாகிற மாதிரி, 31 ஒன்றும் பூஜ்யமாகி, மிச்சம் முன்னே போய் மைனஸ் அறையில் விழும். விடை −2147483648. ஆகப்பெரிய எண்ணுக்கு அடுத்தது ஆகச்சிறிய எண். இந்த அமைப்பு பின்னால் எங்கும் பரவியது, பிரபலமான நிரல் மொழிகளிலும் 32 பிட் எண் வழக்கமாயிற்று.

கம்ப்யூட்டரின் எல்லை எண் பகா எண்ணாகவும் அமைந்தது தற்செயல்தான் என்றாலும், அந்தத் தற்செயலுக்குள்ளும் ஓர் ஒழுங்கு ஓடுகிறது. 8 பிட்டின் எல்லை 127, பகா எண். 16 பிட்டின் எல்லை 32767. அது 7 × 31 × 151. 32 பிட்டுக்குப் பகா எண். 64 பிட்டின் எல்லை 9223372036854775807, அது 7ஆல் வகுபடும். 128 பிட் எண் வைத்தால் எல்லை 2¹²⁷ − 1, மறுபடி பகா எண். ஒன்று விட்டு ஒன்று வருகிறது. 15ம் 63ம் தாமே உடைகிற எண்கள் என்பதால் அவற்றை அடுக்காகக் கொண்டவை உடைந்தே தீரும். 7, 31, 127க்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் இந்த ஒழுங்கு நீடிக்காது. 256 பிட்டில் இந்த ஒழுங்குப்படியே எண் உடைகிறது, ஆனால் 512 பிட்டில் பகா எண் வரும் என்று எதிர்பார்த்தால் 511 = 7 × 73 என்று அடுக்கே உடைந்துபோகிறது.

எல்லையைத் தொட்ட சம்பவங்களில் உலகம் முழுக்கச் சிரித்தது 2014 டிசம்பரில். தென் கொரியப் பாடகர் சையின் ‘கங்னம் ஸ்டைல்’ வீடியோவை 32 பிட் எண்ணில் அடங்காத அளவுக்கு மக்கள் பார்ப்பார்கள் என்று நினைக்கவே இல்லை, கவுன்ட்டரை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டோம் என்று யூடியூப் அறிவித்தது. இதைவிடத் தீவிரமானது 2038. யூனிக்ஸ் வழிவந்த கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1இலிருந்து கடந்த விநாடிகளாக எண்ணுகின்றன. 32 பிட்டில் எண்ணினால் 2147483647ஆவது விநாடி 2038 ஜனவரி 19 அன்று வரும். இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் வேலைக்குக் கிளம்புகிற செவ்வாய்க்கிழமை. அடுத்த விநாடி, மாற்றப்படாத கருவிகளின் கடிகாரம் 1901 டிசம்பருக்குப் போய்விடும். புதிய கம்ப்யூட்டர்களும் போன்களும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. அதில் எண்ணினால் சுமார் 29,200 கோடி ஆண்டுகளுக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் சுவருக்குள்ளும் தொழிற்சாலை இயந்திரத்துக்குள்ளும் பதித்துவிட்டு மறந்துபோன சின்னச் சின்னச் சில்லுகளைப் பற்றித்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது போயிங் 787 விவகாரம். அந்த விமானத்தை 248 நாட்கள் தொடர்ந்து மின்சாரம் அணைக்காமல் வைத்திருந்தால், ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோகலாம் என்று 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது. காரணம், சாஃப்ட்வேரில் ஒரு கவுன்ட்டர் நிரம்பி வழிவது. அது ஏன் 248 நாள்? கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்குப் பொறி தட்டியது. விநாடியின் நூறில் ஒரு பங்கை ஒவ்வொன்றாக எண்ணினால், 2147483647ஐத் தொட 248 நாளும் அரை நாளும் ஆகும். ஆய்லரின் சல்லடையில் வந்ததும் 248. இதில் ஆழமான அர்த்தம் எதுவும் இல்லை. அங்கே 248 வந்தது எட்டை 31ஆல் பெருக்கியதால், இங்கே வந்தது ஒரு நாளில் 86,400 விநாடி இருப்பதால். ஆனாலும் ஒரே எண்ணின் இரண்டு பிறவியிலும் அதே 248 எட்டிப் பார்ப்பதைக் கண்டபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது.

பார்லோ பிரயோஜனமில்லை என்று சொன்னதற்கு வருவோம். கம்ப்யூட்டரில் தாயம் உருட்ட வேண்டும் என்றால், அதாவது குருட்டாம்போக்கில் வருவது போன்ற எண்கள் வேண்டுமென்றால், ஒரு பழைய உத்தி உண்டு. ஓர் எண்ணை எடு, ஒரு குறிப்பிட்ட பெருக்கியால் பெருக்கு, ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகு, மீதியை எடுத்துக்கொள். அடுத்த முறை அந்த மீதியைப் பெருக்கு. வகுக்கும் எண் 2147483647ஆக இருந்தால் பல வசதி. ஒன்பதால் வகுத்தால் என்ன மீதி வரும் என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டிக்கொண்டு போவோம் அல்லவா, பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று என்பதால் அது பலிக்கிறது. அதே மாதிரி 2³¹ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி ஒன்று. ஆகவே எவ்வளவு பெரிய பைனரி எண்ணானாலும் 31 இலக்கத் துண்டுகளாக வெட்டிக் கூட்டினால் மீதி கிடைத்துவிடும். வகுத்தலே தேவையில்லை.

இரண்டாவது வசதி, அது பகா எண் என்பது. பெருக்கியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் 1 முதல் 2147483646 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை வந்த பிறகே சுற்று முடியும். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2ஐப் பாருங்கள்: இரட்டித்துக்கொண்டே போனால் 31 படியில் மறுபடி 1. 200 கோடிக்கும் மேல் சுற்ற வேண்டியது 31இல் முடிந்துவிடும். ஆய்லருக்குக் கைகொடுத்த அதே குட்டைச் சுற்று இங்கே தொல்லை. 7ஐ வைத்துப் பெருக்கினால் முழுச் சுற்றும் வரும். ஆனால் 7 சிறியது, அடுத்தடுத்த எண்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வரும். அதனால் 7இன் ஐந்தாவது அடுக்கு, 16807. 2147483646 என்பது 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. இதில் 5 இல்லை என்பதால் ஐந்தாவது அடுக்கிலும் முழுச் சுற்று கெடாது. 1969இல் சிஸ்டம்/360 கம்ப்யூட்டருக்காகவே முன்மொழியப்பட்ட இந்த முறையை, 1988இல் ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தரம் என்று பரிந்துரைத்தார்கள். சி++ மொழியின் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. ஒரு எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும் என்பதால் பாஸ்வேர்டு, லாட்டரி மாதிரி விஷயங்களுக்கு இதைத் தொடவே கூடாது. சின்ன விளையாட்டுக்கும் பாடம் நடத்தவும் சரி.

நீங்களே எழுதிப் பார்ப்பதானால் 1இல் தொடங்குங்கள். 16807, அடுத்து 282475249, அடுத்து 1622650073 என்று வர வேண்டும். பத்தாயிரமாவது முறை 1043618065 வந்தால் சரியாக எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க், மில்லர் இருவரும் சோதனை விடையையும் கொடுத்திருக்கிறார்கள். 32 பிட்டில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது எண்ணிலேயே மாட்டிக்கொள்வார்கள். 282475249ஐ 16807ஆல் பெருக்கும்போது விடை 2147483647ஐத் தாண்டிப் போய், வகுப்பதற்கு முன்பே எண் சிதைந்துவிடும். அதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது: 2147483647 என்பது 127773 × 16807 + 2836. எடுத்த எண்ணை முதலில் 127773ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மீதியை 16807ஆல் பெருக்கி, அதிலிருந்து ஈவை 2836ஆல் பெருக்கியதைக் கழியுங்கள். மைனஸில் போனால் 2147483647ஐக் கூட்டிவிடுங்கள். எந்தக் கட்டத்திலும் கணக்கு விளிம்பைத் தாண்டாது.